முழங்கால் மாற்ற 65 டாலர்: விலை ஃபைலில் நடக்கும் தவறுகள்

அமெரிக்க மருத்துவமனைகள் தங்கள் விலைகளை வெளியே சொல்லியாக வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் பட்டியல் விலை, ரொக்கமாகக் கட்டுபவருக்கான விலை, ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியோடும் பேசி முடித்த விலை, அப்படிப் பேசியதில் மிகக் குறைந்தது, மிக அதிகம் என ஐந்தையும் கம்ப்யூட்டர் படிக்கும்படியான ஃபைலாக வெப்சைட்டில் போட வேண்டும். சென்னையில் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து இந்த ஃபைல்களைச் சரிபார்ப்பது என் வேலை. நான் பார்த்தவரை, "அதான் போட்டுவிட்டோமே" என்று நிம்மதியாக இருப்பவர்களின் ஃபைலில்தான் பிரச்சினை அதிகம்.

ஒருநாள் ஒரு ஃபைலைத் திறந்தால், டிஆர்ஜி 470 என்ற பில்லிங் கோட், அதாவது முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, வெறும் 65 டாலர்! ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் பார்த்தோம். பில் தொகையில் 65 சதவீதம் என்று இருந்தது. யாரோ அதைச் சதவீதக் கட்டத்தில் போடாமல் டாலர் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். 'மிகக் குறைந்த விலை' கட்டமும் அதையே எடுத்துக்கொண்டது. இதில் வேடிக்கை, இந்த விதியைப் போட்ட அமெரிக்க அரசு அமைப்பான சிஎம்எஸ் கொடுத்திருக்கும் வேலிடேட்டரில் (ஃபைலைச் சோதிக்கும் கருவி) அந்த ஃபைல் ஒரு பிழைகூட இல்லாமல் பாஸாகியிருந்தது. அது அமைப்பைத்தான் பார்க்கும். 65 டாலருக்கு மூட்டு மாற்ற முடியுமா என்று யோசிக்காது.

இப்படிச் சதவீதத்தில் பேசிய விலைகளில் இன்னொரு குழியும் இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து, அவற்றுக்குப் பக்கத்தில் சராசரியாக எவ்வளவு டாலர் வந்தது என்றும் காட்டச் சொன்னார்கள். போதிய தரவு இல்லாவிட்டால் ஒன்பது முறை 9 போடலாம் என்று வழிகாட்டியது சிஎம்எஸ்தான். அப்புறம் 2025 மே மாதம் அதைக் கைவிடச் சொன்னதும் அவர்களே. 2026 முதல் சராசரி போய், இடைநிலைத் தொகையும் 10ஆம், 90ஆம் சதமானங்களும் வந்துவிட்டன. போன வருட டெம்ப்ளேட்டை அப்படியே காப்பி செய்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

எக்செல் தனிக்கதை. சிஎஸ்வி ஃபைலை (கமாவால் பிரித்த அட்டவணை) டபுள் க்ளிக் செய்து திறந்து, சேவ் கொடுத்தால் போதும், அவசரப் பிரிவின் ரெவின்யூ கோட் 0450 வெறும் 450 ஆகிவிடும். மருந்துகளை அடையாளம் காட்டும் என்டிசி எண்ணிலும் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். டேட்டா மெனு வழியாக, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்து இறக்குங்கள்.

ஃபைல் சரி, வெப்சைட்? புது டிசைன் போடும் டீமுக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. ஃபுட்டரில் இருக்க வேண்டிய லிங்க்கும், ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சின்ன டெக்ஸ்ட் ஃபைலும் சத்தமில்லாமல் போய்விடும். சிலசமயம் டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், ஆனால் பழைய முகவரியைக் காட்டும். ஐடி ஆட்கள் பாதுகாப்புக்காக பாட்களை (தானாகத் தேடும் ப்ரோக்ராம்களை) மொத்தமாகத் தடுத்துவைப்பதும் உண்டு. தானியங்கித் தேடலுக்கு இந்த ஃபைல் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி.

நோயாளிகளுக்கான விலைக் கணிப்புக் கருவி இருந்தால் ஃபைல் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கருவி, ஃபைலைத் தவிர நோயாளிகளுக்காகத் தனியாகப் போட வேண்டிய 300 சேவைகளின் எளிய பட்டியலுக்குத்தான் மாற்று. அதைப் பார்க்க லாகின் கேட்கவும் கூடாது. விலை வேறுபடும் கிளைகளுக்குத் தனித்தனி ஃபைல் வேண்டும்.

அபராதம் படுக்கைக் கணக்கில் வரும். 2022இல் வகுத்தபடி 31 முதல் 550 படுக்கை வரை, ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 10 டாலர். 200 படுக்கை என்றால் நாளுக்கு 2,000, ஒரு வருடம் இழுத்தால் 7,30,000. முதல் அபராதம் 2022 ஜூனில் ஜார்ஜியாவின் இரண்டு மருத்துவமனைகளுக்கு விழுந்தது; ஒன்றுக்கு மட்டும் 8,83,180 டாலர். அபராதத்துக்கு முன் பெரும்பாலும் எச்சரிக்கைக் கடிதம் வரும். அது யாருடைய இன்பாக்ஸில் விழுகிறது என்பதை இன்றே கேட்டுவையுங்கள்.

2026 முதல் ஃபைலுக்குள்ளேயே சிஇஓ அல்லது பொறுப்பான மூத்த அதிகாரியின் பெயரையும் எழுத வேண்டும். எழுதுமுன் டாலர் நெடுவரிசையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, முதல் 50 வரிகளை ஒருவர் கண்ணால் படித்துவிடட்டும்.