முதன்முறையாகத் திருமணப் படம் எடுக்கப்போகும் ஆர்வலருக்குச் சில ஆயத்தங்கள்

நல்ல கேமரா ஒன்று கையில் இருப்பது தெரிந்தால், உறவினரோ நண்பரோ தம் திருமணத்தைப் படம் எடுத்துத் தரும்படி கேட்பது இயல்பு. ஒப்புக்கொள்வதற்கு முன், தொழில்முறைப் புகைப்படக்காரர் ஒருவரும் வருகிறாரா, முழுப்பொறுப்பும் உங்களிடம் விடப்படுகிறதா என்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். அவர் வருகிறார் என்றால் அவருடைய பார்வைக் கோட்டில் குறுக்கிடாமல், அவர் கவனம் செல்லாத முகங்களையும் மூலைகளையும் நீங்கள் எடுக்கலாம். முதன்முறை எடுப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான பயிற்சிக் களம் இல்லை என்பது என் கருத்து. முழுப்பொறுப்பும் உங்களுடையதானால், எந்த நிகழ்ச்சி முதல் எந்த நிகழ்ச்சி வரை எடுக்க வேண்டும், படங்களை எப்போது, எந்த வடிவில் தர வேண்டும் என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்வது, எவ்வளவு நெருங்கிய உறவானாலும் நல்லது. அன்று நீங்கள் விருந்தினராகவும் இருக்க முடியாது என்பதை அவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்து இடத்தைப் பார்க்க வேண்டும். சடங்கு நடக்கவிருக்கும் அதே நேரத்தில், இயலுமானால் அன்று எரியவிருக்கும் அதே விளக்குகளை எரியவிட்டுப் பார்ப்பதே பயன் தரும்; காலையில் பார்த்த மண்டபம் மாலையில் வேறு மண்டபமாகிவிடும். மணமக்கள் நிற்குமிடத்தில் யாரையாவது நிற்கவைத்து எடுத்துப் பாருங்கள். அவர்களுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் முகங்கள் இருண்டுபோகும். மேற்கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் ஃபிளாஷ் ஒளியை அதில் பட்டுத் திரும்பச் செய்து மென்மையான வெளிச்சம் பெறலாம். கூரை மரநிறமாக இருந்தால் அந்த நிறமே முகங்களிலும் படியும்.

எல்.இ.டி. விளக்குகளைத் தனியாகச் சோதிப்பது அவசியம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிவதால், வேகமான ஷட்டரில், அதாவது ஒளி பதியும் நேரம் மிகக் குறைவாக இருக்கும்படி எடுத்த படங்களில் கோடுகள் விழக்கூடும். 1/50 அல்லது 1/100 நொடியில் இச்சிக்கல் பெரும்பாலும் குறையும். 60 ஹெர்ட்ஸ் வழங்கப்படும் நாடுகளில் 1/60 அல்லது 1/125 பொருந்தும். ஓசையில்லாமல் எடுக்க உதவும் எலக்ட்ரானிக் ஷட்டர் இக்கோடுகளை மேலும் கூட்டிக்காட்டலாம் என்பதால், சோதித்துப் பாராமல் அதை நம்ப வேண்டாம்.

திருமணப் படங்கள் கெடுவது பெரும்பாலும் மங்கலான அரங்குகளில்தான். மணமக்கள் நடந்து வரும்போது ஷட்டர் வேகம் 1/200 நொடியாவது வேண்டும். அசையாமல் நிற்கும்போது 1/100 போதும். இதற்காக லென்ஸின் துளையை எஃப் 2.8 அல்லது அதைவிட அகலமாகத் திறந்து (எஃப் எண் குறையக் குறையத் துளை அகலும்), கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவை 3200 அல்லது 6400 வரை உயர்த்தத் தயங்காதீர்கள். உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வால் வரும் புள்ளிகளை மென்பொருளில் ஓரளவு குறைத்துவிடலாம், ஆனால் அசைவால் குழம்பிய முகத்தை மீட்பது கடினம். இரவில் வீட்டில் ஒரே விளக்கை எரியவிட்டு, நடமாடுபவர்களைத் தொடர்ந்து எடுத்துப் பழகினால், உங்கள் கேமரா எந்த அளவு வரை தாங்கும், இருட்டில் அதன் ஃபோகஸ் எங்கே தடுமாறும் என்பவை முன்கூட்டியே புலப்படும். பல நிற விளக்குகள் கலந்திருக்கும் இடங்களில் ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச்சாயலைப் பின்னர் திருத்திக்கொள்ள, கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கைவிட, பதிந்த தகவலைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரா கோப்பே கைகொடுக்கும். சடங்கை நடத்துபவர் ஃபிளாஷை விரும்பாதிருக்கலாம். அதை முன்னதாகவே கேட்டுவிட வேண்டும்.

கருவிகளில் எதுவும் ஒற்றையாக இருக்கக் கூடாது. இரண்டாவது கேமராவை வாடகைக்கு எடுத்தாலும் சரி, ஆனால் சில நாள் முன்னதாகவே எடுத்துப் பழக வேண்டும். 24 முதல் 70 மி.மீ. வரையிலான ஜூம் லென்ஸ் ஒன்றும், தொலைவிலிருந்து முகங்களை எடுக்க 85 மி.மீ. அல்லது அதற்கும் நீண்டது ஒன்றும் இருந்தால் பெரும்பாலான தேவைகள் நிறைவேறும். இரண்டு கேமராக்களின் கடிகாரங்களையும் ஒன்றாக அமைத்துவிடுங்கள். இல்லையெனில் பின்னர் படங்களை நேர வரிசைப்படுத்துவது பெரும்பாடாகிவிடும். 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 25 முதல் 30 எம்.பி. வரை இருக்கும், ஆயிரம் படங்களுக்கு 30 ஜி.பி. என்று கணக்கிட்டு, அதற்கு இருமடங்கு இடமாவது வைத்திருங்கள்.

குழுப் படங்கள்தான் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். யார் யாருடன் நிற்க வேண்டும் என்ற பட்டியலைக் குடும்பத்தாரே எழுதித் தரட்டும், ஏனென்றால் யாரை யாருக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடாது என்பது அவர்களுக்கே தெரியும். பெயர் சொல்லி அழைத்துவர இரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வேலையைப் புகைப்படக்காரர் தலையில் போட்டால் அரைமணி நேரம் குரல் கொடுப்பதிலேயே போய்விடும். முதியவர்களும் குழந்தைகளும் இடம்பெறும் குழுக்களை முதலில் முடித்துவிடுங்கள். இரண்டு மூன்று வரிசைகளாக நிற்பவர்கள் அனைவரும் தெளிவாக விழ எஃப் 5.6 முதல் 8 வரை வேண்டும். கண் சிமிட்டுபவர் ஒருவராவது இருப்பார் என்பதால் ஒவ்வொரு குழுவுக்கும் நான்கைந்து படங்கள் எடுங்கள்.

காணொளி எடுப்பவர் இருந்தால், முக்கியத் தருணங்களில் யார் எங்கே நிற்பது என்று முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். அன்று எந்தப் படத்தையும் கேமராவிலேயே அழிக்க வேண்டாம். சிறு திரையில் மோசமாகத் தெரிவது பெரிய திரையில் தேறலாம். வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் இரண்டு தனித்தனி வட்டுகளில் நகலெடுத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மணமக்கள் கைக்குப் படங்கள் போய்ச்சேரும் வரை மெமரி கார்டுகளை ஃபார்மேட் செய்யாமல் ஒதுக்கி வைத்திருங்கள்.