காரணம் தெரியாத அரிப்பா? முதலில் தலையணை உறையைப் பாருங்கள்

போன வருடம் எனக்கு இரண்டு மாதம் ஒரே அரிப்பு, தடிப்பும் இல்லை புண்ணும் இல்லை, ஆனால் ராத்திரி படுத்தால் எறும்பு ஊர்வது போல இருக்கும். கடலூர் புழுக்கமும் எங்கள் வீட்டு உப்புப் போர் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்.

சாப்பாட்டில் மீனைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். மத்தி, அயிலை, சூரை எல்லாம் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதனால் இப்போது முதுநகர் துறைமுகத்தில் காலையிலேயே போய் புது மீனாக வாங்குகிறேன், கருவாட்டை மூன்று வாரம் நிறுத்திப் பார்த்தேன். கத்தரிக்காயையும் நிறுத்தச் சொன்னார் அத்தை, எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தாதீர்கள், எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும்.

அப்புறம் படுக்கை. படுக்கைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி சாக 55-60 டிகிரி சூடு வேண்டும், எனவே விரிப்பு, உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, சோப்புத்தூள் தங்காமல் இரண்டு தடவை அலசி, நல்ல வெயிலில் போடுங்கள். குளித்த ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவினால் வறட்சி அரிப்பு குறையும். டெட்டால் ஊற்றிக் குளிக்காதீர்கள், தோல் இன்னும் காய்ந்துவிடும்.

விரலிடுக்கில் அரித்து வீட்டில் மற்றவர்களுக்கும் வந்தால் அது சிரங்காக இருக்கலாம், அதற்கு மருந்து வேண்டும். ஆறு வாரம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.