பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் வாங்குமுன் பார்க்க வேண்டியது

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். செகண்ட்ஹேண்ட் வாங்க வருபவர்கள் முதலில் கேமராவைத்தான் கேட்பார்கள். அது கிடக்கட்டும். செட்டிங்ஸில் கடைசிவரை இறங்கி ‘அபவுட் ஃபோன்’ போங்கள். ஆண்ட்ராய்டு வெர்ஷன் பக்கத்தில் செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) தேதி இருக்கும். சில கம்பெனிகள் அதை வேறு மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கும். மேலே தேடும் கட்டத்தில் ‘செக்யூரிட்டி’ என்று அடித்துப் பாருங்கள். தேதி ரெண்டு வருஷம் பழசா? அப்டேட் வருகிறதா என்று ஒரு தடவை அழுத்துங்கள். வரவில்லை என்றால், பேங்க் ஆப் போட அந்த ஃபோன் வேண்டாம்.

கூகுள் வெளியிடும் பேட்ச் பெரும்பாலான ஃபோன்களுக்கு நேராக வந்து சேராது. சிப் கம்பெனி தன் டிரைவரை (சிப்பை இயக்கும் சாஃப்ட்வேரை) தரவேண்டும், ஃபோன் கம்பெனி தன் மாற்றங்களைச் சேர்த்துச் சோதிக்கவேண்டும். ஐபோனில் இந்தச் சுற்று கிடையாது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த ‘ட்ரெபிள்’ ஏற்பாடு, ஆண்ட்ராய்டையும் சிப் கம்பெனியின் சாஃப்ட்வேரையும் தனித்தனியாகப் பிரித்து, இந்த வேலையைக் கொஞ்சம் சுலபமாக்கியது. அதற்கு முந்தைய மாடலை, ஏற்காடு எஸ்டேட்டில் டார்ச்சுக்கும் பேச்சுக்கும் என்று கேட்டால் மட்டும் தருவேன்.

அப்புறம், ‘கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்’ தேதி புதிதாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அது சில பாகங்களை மட்டும்தான் புதுப்பிக்கும்.