மதங்கள் பத்தி பாடம் எடுக்க போன் போட்டோவே போதும்

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் ஒன்பது, பத்தாம் கிளாஸுக்கு மதங்கள் பத்தி சொல்லிக்கொடுக்குற டீச்சர்மாரே, சார்ட்டுக்கு காசு செலவாக்க வேண்டாம். சிதறால் மலைக்குப் போய் பாறையில செதுக்கியிருக்க தீர்த்தங்கரர் (சமண மதத்தோட பெரிய குருமார்) சிற்பங்கள போன்ல எடுத்துட்டு வாங்க, பேரு சொல்லாம காட்டி, முதல்ல கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு மட்டும் எழுதச் சொல்லுங்க, அப்புறம் என்னவா இருக்கும்னு நினைக்கிறாங்க, கடைசியா யார்கிட்ட என்ன கேக்கணும்னு. சமணர் இடம் பின்னாடி பகவதி கோயிலாச்சுன்னு அதுக்கப்புறம் சொல்லிப்பாருங்க, பிள்ளைங்க கேள்வியா கேட்டுத் தள்ளும்! அடுத்த வாரம் சாமித்தோப்பு (அய்யா வைகுண்டர வழிபடுற அய்யாவழிக்காரங்களோட முக்கியமான கோயில் இருக்க ஊரு), அங்க கண்ணாடி முன்னாடி கும்பிடுறது ஏன்னு ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதிட்டு வரட்டும். ஒண்ணு மட்டும், எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி "உங்க மதத்துல எப்படி"ன்னு கேக்காதீங்க, அதுவா பேசுனா பேசட்டும்.