சின்ன டிஸ்டார்ஷன் பெடல் வாங்கப் போகிறவருக்கு

டிஸ்டார்ஷன் பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்) நடுவே செருகி, காலால் மிதித்து ஓசையைக் கரகரப்பாக்கும் பெட்டி. என் முதல் பெடலை வீட்டில் தனியாக வாசித்துக் கேட்டபோது அறையே நிறைந்துவிட்டது. கெயினை (கரகரப்பின் அளவை) முழுசாகத் திருப்பி, ஆம்பில் பேஸையும் (அடி ஒலி) டிரெபிளையும் (மேல் ஒலி) ஏற்றி, மிட்டை (நடு ஒலி) அடியோடு இறக்கி வைத்திருந்தேன். இரண்டு வாரம் அதே சந்தோஷம். அப்புறம் டிரம்ஸ், பேஸ் கிட்டார், பாட்டு எல்லாம் சேர்ந்த முதல் ஒத்திகை வந்தது. என் கிட்டார் எங்கே போனதென்றே தெரியவில்லை. வால்யூமை ஏற்றினால் இரைச்சல்தான் கூடியது. பாடுகிறவர் திரும்பி, "நீ வாசிக்கிறியா இல்லையா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே அவருக்குக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் பெடல்களைக் கழற்றிப் பார்க்கவும் சால்டரிங் செய்யவும் பழகினேன். இப்போது நண்பர்கள் பெடல் வாங்கும் முன் என்னிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: கெயின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதீர்கள், மிட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

காரணம் எளிது. கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. மெல்லிய தந்தியில் 24ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பி) கிட்டத்தட்ட 1,300 ஹெர்ட்ஸ். நீங்கள் வாசிக்கும் சுரமெல்லாம் இதற்குள்ளேதான். அடிப்பகுதியில் கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் உட்கார்ந்திருக்கின்றன. மேலே சிம்பல்கள். உங்களுக்கு மிஞ்சும் இடம் நடுப்பகுதி. அதைக் குழித்துவிட்டு அடியையும் மேலையும் ஏற்றினால் தனியறையில் பிரம்மாண்டமாக இருக்கும். குழுவில் பேஸும் சிம்பலும் உங்களை இரண்டு பக்கமும் மூடிவிடும். எனக்கு நடந்தது இதுதான்.

ஒவ்வொரு பெடலும் இந்த நடுப்பகுதியை என்ன செய்கிறது என்று பார்த்தால் அதன் குணம் புரிந்துவிடும். ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமரில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி குறைவாகவே பெருக்கப்படுகிறது. மேல்பகுதியும் வடிகட்டப்படுகிறது. அதனால் நடுவில் ஒரு மேடு எழும். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், குழுவில் கத்தி மாதிரி வெட்டி வெளியே வரும். பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎஸ்-1, 1978இல் வந்த ஆரஞ்சு நிறப் பெடல், இதற்கு நேர் எதிர். அதன் டோன் குமிழ் நடுவில் நிற்கும்போது மிட் குழிந்திருக்கும். பிக் மஃப் என்ற பெடலும் அப்படியே. இவை மோசமான பெடல்கள் இல்லை. ஆம்பில் மிட்டை ஏற்றிக் கொடுத்தால் அருமையாகப் பேசும். அந்த ஒரு திருப்பலைச் செய்யாமல்தான் பலர் "கேட்கவே மாட்டேங்குது" என்று விற்றுவிடுகிறார்கள்.

1970களின் கடைசியில் வந்த ப்ரோகோ ராட் என் மனதுக்கு மிக நெருக்கமானது. அதில் டோனுக்குப் பதில் ஃபில்டர் என்றொரு குமிழ். மற்ற பெடல்களுக்குத் தலைகீழாக, வலப்பக்கம் திருப்பத் திருப்ப மேல்பகுதி குறையும். மிட்டை அது குழிப்பதில்லை. பழைய ராட்களில் இருந்த எல்எம்308 சிப் வேகமான அலைகளைத் தொடர முடியாத மெதுவான சிப். அந்த மெதுத்தன்மையே ஓசையின் முனைகளைக் கொஞ்சம் மழுக்கித் தருகிறது.

பாஸ் மெட்டல் ஸோன் (1991) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் மிட் குமிழை 200 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். இவ்வளவு சின்னப் பெட்டியில் இவ்வளவு பெரிய வசதி அபூர்வம். ஆனால் வாங்கியவர்களில் பாதிப்பேர் அந்த மிட்டைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் பெடலைத் திட்டுகிறார்கள். அதை 700, 800 பக்கம் கொண்டுபோய்க் கொஞ்சம் ஏற்றி, கெயினைப் பாதிக்குக் கீழே வைத்துக் கேளுங்கள். வேறு பெடல் மாதிரி இருக்கும்.

சரி, டிஸ்டார்ஷன் என்பது எப்படி உண்டாகிறது? கிட்டார் அலையைப் பெருக்கி, அதன் உச்சியையும் பள்ளத்தையும் டயோடு என்ற சின்ன மின்னணுப் பாகங்களால் வெட்டுகிறார்கள். சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டில் வெட்டும். ஜெர்மேனியம் சுமார் 0.3இலேயே வெட்டும். எல்இடி என்றால் 1.6, 1.7 வரை விடும். எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன்+ பெடலில் ஜெர்மேனியம், டிஎஸ்-1இலும் ராட்டிலும் சிலிக்கான், டர்போ ராட்டில் எல்இடி. தாமதமாக வெட்டினால் ஓசை சத்தமாகவும் திறந்த மாதிரியும் இருக்கும். சீக்கிரம் வெட்டினால் அழுத்தமாக, தட்டையாக இருக்கும். ட்யூப் ஸ்க்ரீமர் போன்ற ஓவர்டிரைவ்களில் டயோடு பெருக்கியின் சுற்றுக்குள்ளேயே இருப்பதால் வெட்டு மென்மையாக விழும். உங்கள் விரலின் அழுத்தமும் உயிரோடு கேட்கும். டிஸ்டார்ஷன் பெடல்களில் பெரும்பாலும் பெருக்கிக்குப் பின்னால் டயோடு, கூர்மையான வெட்டு. ஃபஸ் இன்னும் முரட்டுத்தனமானது, அது வேறு கதை.

வாங்கும் முன் உங்கள் ஆம்ப் என்னவென்று யோசியுங்கள். சுத்தமான ஒலி தரும் ஆம்ப் என்றால் முழு வேலையையும் பெடல்தான் செய்ய வேண்டும். ராட், டிஎஸ்-1 வகை பொருந்தும். ஆம்பே ஏற்கெனவே உறுமுகிறதென்றால் இன்னொரு கனமான டிஸ்டார்ஷனைச் சேர்த்தால் கூழாகிவிடும். அதற்கு ஓவர்டிரைவ் போதும்: கெயின் மிகக் குறைவாக, லெவல் (பெடலிலிருந்து வெளியே போகும் சத்தம்) அதிகமாக. அடிப்பகுதி இறுகி, ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாகக் கேட்கும். ஆம்பே இல்லாமல் நேராகக் கணினியில் செருகி வாசிக்கிறீர்களா? அப்படியானால் எந்தப் பெடலையும் அவசரப்பட்டுக் குறை சொல்லாதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக இறங்கிவிடும். பெடலின் கரகரப்பில் பெரும்பகுதியை அதுதான் மறைக்கிறது. அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பெடலும் டப்பாவுக்குள் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். கிட்டார் ஸ்பீக்கர் போலவே ஒலியை வடிகட்டும் கேபினெட் சிமுலேஷன் போட்டுவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் முக்கியம். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் அதிக வெளியீடு தரும், கெயின் குறைவாகவே போதும். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் மெல்லியது, அதோடு மின்சார இரைச்சலையும் இழுத்துக்கொண்டு வரும். டிஸ்டார்ஷன் அந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் வாங்குவதற்கு முன், கெயினை இரண்டு கோடு குறைத்துப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

இனி கடையில் சோதிப்பது. சொந்தக் கிட்டாரையே கொண்டுபோங்கள். பெடலை அணைத்து ஒரு நிமிடம் வாசியுங்கள், காது பழகட்டும். பிறகு பெடலைப் போட்டு, லெவலை அணைத்திருந்தபோது இருந்த சத்தத்துக்கே சமமாக்குங்கள். இது மிக மிக முக்கியம். சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். இரண்டு பெடலை ஒப்பிடும்போது ஒன்று சற்றே உரக்க இருந்தாலும் காது ஏமாந்துவிடும். கெயினைக் கடிகாரத்தில் பத்து மணி முள் நிற்கும் இடத்தில் வைத்துத் தொடங்குங்கள்.

முதலில் பவர் கார்டு, அதாவது இரண்டே சுரத்தைச் சேர்த்து அடிப்பது. இதில் எல்லாப் பெடலும் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அந்த இரண்டு சுரமும் 3:2 என்ற எளிய விகிதத்தில் ஒத்துப்போகின்றன. அதில் மயங்காதீர்கள். அடுத்து ஆறு தந்தியிலும் ஒரு முழு மேஜர் கார்டு, பிறகு மைனர். மூன்றாம் சுரம் சேர்ந்ததும் வெட்டப்பட்ட அலைகள் ஒன்றையொன்று முட்டிப் புதிய ஓசைகளை உண்டாக்கும். மோசமாகப் பொருந்தும் பெடலில் கார்டு சேறாகிவிடும். எந்தக் கார்டு மேஜர், எது மைனர் என்று கண்ணை மூடிச் சொல்ல முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல். அதன் பிறகு கிட்டாரின் வால்யூமைப் பாதியாக்குங்கள். ஓசை தெளிகிறதா, வெறுமனே மங்குகிறதா? தெளிந்தால், ஒரே பெடலில் உங்களுக்கு இரண்டு குரல் கிடைத்துவிட்டது. கடைசியாக ஒரு சுரத்தை நீளவிட்டு அது சாகும் வரை கேளுங்கள். சில பெடல்களில் முடியும் இடத்தில் ஓசை அறுந்து அறுந்து தெறிக்கும்.

முடிந்தால் போனில் வெறும் டிரம்ஸும் பேஸும் உள்ள ஒரு டிராக்கை உரக்கப் போட்டு அதோடு சேர்ந்து வாசியுங்கள். என் முதல் பெடலை வாங்கியபோது இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால் அதை வாங்கியிருக்கவே மாட்டேன். இருபது நிமிடத்துக்கு மேல் கேட்டால் காது சோர்ந்து எல்லாமே ஒன்றுபோலத் தோன்றும். வெளியே போய்விட்டு வாருங்கள்.

அளவைப் பற்றிக் கொஞ்சம். பாஸ் பெடல்கள் சுமார் 73 மி.மீ. அகலம், 129 மி.மீ. நீளம். மினி பெடல்கள் பெரும்பாலும் அதில் பாதி அகலத்துக்குச் சற்று மேல்தான் வரும். பையில் இடம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் மினியில் பெரும்பாலும் பேட்டரி போட இடமிருக்காது. துணைக் குமிழ்கள் கடுகளவு இருக்கும், இருட்டு மேடையில் விரல் தடுமாறும். எடை குறைவென்பதால் கனமான கேபிள் இழுத்தாலே சாய்ந்துவிடும், அடியில் வெல்க்ரோ ஒட்டி ஒரு பலகையில் பதித்தே ஆக வேண்டும். ஒரே ஒரு பெடல் வைத்திருப்பவருக்கு வழக்கமான அளவையே சொல்வேன். ஷூ நுனியால் லெவலைத் திருப்ப முடிகிற பெடல் மேடையில் பெரிய நிம்மதி.

மின்சாரம் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ். அடாப்டரில் அந்தச் சின்னப் படத்தைப் பார்த்துவிட்டே செருகுங்கள். சில பழைய ஃபஸ்களில் இது தலைகீழ். டிஸ்டார்ஷன் குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு, பேட்டரி நாள்கணக்கில் வரும். ஒரு நிபந்தனை: இன்புட் ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை பெடல் விழித்தே இருக்கும். ஒரு கச்சேரிக்கு முந்தின இரவு கேபிளைப் பிடுங்க மறந்து தூங்கிவிட்டேன். அடுத்த நாள் இரண்டாவது பாட்டின் நடுவில் ஓசை மெலிந்து மெலிந்து நின்றே போனது. அன்றிலிருந்து வாசித்து முடித்ததும் கை தானாக ஜாக்குக்குப் போகிறது.

ட்ரூ பைபாஸ் (அணைத்ததும் ஒலி பெடலைத் தொடாமல் நேராகப் போவது), பஃபர் (கேபிளில் ஒலி மங்காமல் தாங்கும் சுற்று) சண்டையில் நான் இறங்குவதில்லை. கேபிள் நீளமானால் மேல்பகுதி மங்கும், வரிசையில் ஒரு பஃபர் இருந்தால் அது காப்பாற்றும். ஒரே பெடலும் குட்டைக் கேபிளும் என்றால் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

பழையது வாங்குவதானால் பேட்டரி அறையைத் திறந்து பச்சையாகக் கறை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகரவென்றால் பெரிய குறையில்லை, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஜாக்கில் கேபிளை ஆட்டும்போது ஓசை வந்து வந்து போனால் சால்டர் விட்டிருக்கும். அதுவும் சரிசெய்யக்கூடியதே, ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வாங்கி வந்ததும் ட்யூனருக்கும் வா (wah) பெடலுக்கும் பின்னால், எதிரொலி தரும் டிலேக்கும் ரிவெர்புக்கும் முன்னால் வையுங்கள். எதிரொலியை டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். முதல் குழு ஒத்திகையில் மிட்டையும் லெவலையும் அங்கேயே, டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிசெய்து, குமிழ் நிற்கும் இடங்களை ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் குறித்து ஒட்டிவிடுங்கள். வீட்டில் தனியாகக் கேட்கும்போது அந்த இடங்கள் கொஞ்சம் ஒல்லியாகத் தோன்றும். திருப்பாதீர்கள்.