கோல் எங்கிருந்து போகிறது? நம்ம பின்களத்தையும் நடுக்களப் பொடியன்களையும் பார்க்கும் விதம்

திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் உதைபந்தாட்ட மெட்ச் முடிந்து வெளியே வரும்போது நம்ம ஆட்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "அந்த லெப்ட் பெக்க முதல்ல தூக்க வேணும்." தோற்ற நாளெல்லாம் இதே வசனம்தான், ஆள் மட்டும் மாறுவார். நானும் அப்படிப் பேசியவன். சில வருடங்களுக்கு முன் ஒரு நொக்கவுட் ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். மூன்று கோலும் இடது பக்கத்தால் வந்தது, எல்லாரும் சேர்ந்து அந்தப் பக்கத்துப் பின்கள வீரனை, அந்த லெப்ட் பெக்கைத் திட்டித் தீர்த்தோம், அவன் இரண்டு கிழமை பயிற்சிப் பக்கமே வரவில்லை. பிறகு கூட்டாளி ஒருவர் படிக்கட்டின் மேலேயிருந்து போனில் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் பந்து பறிபோனது நடுக்களத்தில். அவனுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஆள் எதிரணி கோல் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார், இவன் ஒருத்தனை நோக்கி இரண்டு பேர் வந்தார்கள். என்ன செய்வான் அவன்? அடுத்த நாளே போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் மெட்ச் பார்க்கும் முறையே மாறிவிட்டது. அணியின் பின்களம் எங்கே ஓட்டையாக இருக்கிறது, வளர்ந்து வரும் நடுக்களப் பொடியன்களில் யாரிடம் சரக்கு இருக்கிறது என்ற இரண்டையும் ரசிகர்களாகிய நாமே கண்டுபிடிக்கலாம். அதற்குப் பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம், ஒரு கொப்பி, ஒரு பேனை, பந்தைப் பார்க்காமல் இருக்கும் பொறுமை, அவ்வளவுதான்.

நிற்கும் இடம்

கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் வீரர்களின் வேகம் தெரியும், ஆனால் இடைவெளி தெரியாது. எவ்வளவு உயரத்தில் ஏற முடியுமோ அவ்வளவு உயரத்தில், நடுக்கோட்டுக்கு நேராக இருங்கள். ஒரு பாதியையாவது நம்ம கோலுக்குப் பின்னால் நின்று பாருங்கள், கோல் கீப்பர் பார்ப்பதை நீங்களும் பார்ப்பீர்கள், பின்களத்தின் நடுவில் நிற்கும் இரண்டு சென்டர் பெக்குகளுக்கு இடையே எவ்வளவு பெரிய வாசல் திறந்து கிடக்கிறது என்பது அங்கிருந்து பார்த்தால்தான் உறைக்கும்.

முதல் 15 நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள். கழுத்து தானாகப் பந்துப் பக்கம் திரும்பும், கஷ்டம்தான், இரண்டு மெட்சில் பழகிவிடும். பந்து எதிரணியின் பக்கம் இருக்கும்போது நம்ம பின்கள நான்கு பேரும் என்ன செய்கிறார்கள், முன்னேறி வருகிறார்களா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பாதி உண்மை அந்த நேரத்திலேயே தெரிந்துவிடும்.

பதினைந்து செக்கன் பின்னால் போங்கள்

இதுதான் முக்கியமான வேலை. கோல் போனாலும் சரி, கோல் போகாமல் தப்பினாலும் சரி, உடனே கொப்பியை எடுத்து அதற்கு முந்தைய பதினைந்து செக்கனை எழுதுங்கள். பந்து எங்கே பறிபோனது, யாரிடமிருந்து, அந்த நேரம் நம்ம நடுக்கள வீரர்கள் எங்கே நின்றார்கள், பின்களத்தில் எத்தனை பேர், எதிரணி எத்தனை பேர். தப்பிய சந்தர்ப்பங்களைக் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் கோல் ஒரு மெட்சில் ஒன்றோ இரண்டோதான் போகும், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆபத்து பத்துத் தடவை வரும்.

2014 உலகக் கிண்ண அரையிறுதியை நினைத்துப் பாருங்கள், ஜூலை 8, நமக்கு 9ஆம் திகதி அதிகாலை ஒன்றரை மணி. ஜெர்மனி 7, பிரேசில் 1. 23ஆம் நிமிடத்திலிருந்து 29ஆம் நிமிடத்துக்குள் நான்கு கோல். தியாகோ சில்வா தடையில் இருந்ததால் டேவிட் லூயிசும் டான்டேயும் சென்டர் பெக்காக நின்றார்கள், அடுத்த நாள் முழுக்க எல்லாரும் அவர்களைத்தான் ஏசினார்கள். அவர்களிலும் பிழை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 26ஆம் நிமிடக் கோலை மட்டும் எடுத்துப் பாருங்கள். பெர்னாண்டினோ சொந்தப் பின்களத்துக்கு முன்னால் பந்தை வைத்திருக்கிறார், பின்னாலிருந்து குரூஸ் வருவது தெரியவில்லை, பந்து பறிபோகிறது, குரூசும் கெதிராவும் மாற்றி மாற்றிக் கொடுத்து உள்ளே தள்ளிவிட்டார்கள். அந்தக் கோலை எந்த சென்டர் பெக் நிறுத்தியிருப்பார்? அது நடுக்களத்தில் விழுந்த கோல். உலகத்தரத்திலேயே இப்படி என்றால் நம்ம ஊர் மெட்சில் எத்தனை கோல் இப்படிப் போயிருக்கும்!

இடைவெளியை அளக்க மைதானத்துக் கோடுகளே போதும்

மைதானத்தின் மொத்த நீளம் அகலம் ஊருக்கு ஊர் மாறும், உள்ளே போடும் கோடுகளின் அளவு மாறக்கூடாது. நடு வட்டத்தின் குறுக்களவு 18.3 மீற்றர். பெனல்டி பெட்டியின் ஆழம் 16.5 மீற்றர், அகலம் 40.3 மீற்றர். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் கண்ணாலேயே அளக்கலாம்.

பந்து எதிரணியிடம் இருக்கும்போது நம்ம பின்கள வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் நடுவில் அந்த நடு வட்டத்தைத் தூக்கி வைக்க முடியுமா? முடிந்தால் அது பெரிய ஓட்டை. எதிரணியின் நல்ல ஆட்டக்காரன் அங்கேதான் வந்து நிற்பான், திரும்பிப் பார்க்க அவனுக்கு நேரம் கிடைக்கும். அடுத்தது, பந்து மைதானத்தின் நடுவே இருக்கும்போது பின்கள நான்கு பேரும் ஏறக்குறைய பெனல்டி பெட்டியின் அகலத்துக்குள் இருக்கிறார்களா? ரைட் பெக் கோட்டோரமாகவும் சென்டர் பெக் நடுவிலும் நின்றால் இடையில் மாட்டுவண்டியே போகலாம். இதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து கொப்பியில் சரி அல்லது பிழை என்று போட்டாலே போதும். அறுபதாம் நிமிடத்துக்குப் பிறகு பிழைகள் கூடினால் களைப்புதான் பிரச்சினை. தொடக்கத்திலிருந்தே பிழை என்றால் அது பழக்கத்தில் உள்ள குறை, பயிற்சியில் திருத்த வேண்டியது.

காற்றையும் எழுதுங்கள், திருமலையில் இதை விட்டுவிட்டு டிபென்ஸைப் பற்றிப் பேசவே கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றோடு வரும் உயரப் பந்து பின்கள வீரன் கணக்குப் போட்ட இடத்தைத் தாண்டி அவன் பின்னால் போய் விழும், காற்றுக்கு எதிராக வருவது தொங்கி அவனுக்கு முன்னாலேயே இறங்கும். காய்ந்து இறுகிய தரையில் பந்து எழும்பும் உயரமும் வேறு. ஒரு சென்டர் பெக் முதல் பாதியில் மூன்று தடவை உயரப் பந்தைத் தவறவிட்டான் என்று எழுதும்போது காற்று எந்தப் பக்கம் என்று பக்கத்தில் ஓர் அம்புக்குறி போடுங்கள். இரண்டாம் பாதியில், காற்று மாறிய பிறகு, அதே ஆள் எல்லாப் பந்தையும் எடுத்தால் அவனுக்குத் தலையடி தெரியாது என்று சொல்ல முடியாது. காற்று நமக்கு எதிராக இருக்கும் பாதியில் அவன் நாலைந்து அடி பின்னால் நின்று தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

கோர்னரையும் த்ரோ இன்னையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கோர்னர் வரும்போது தூரக் கம்பத்தில் யார் இருக்கிறார், தெறித்துப் பெட்டிக்கு வெளியே விழும் பந்துக்கு யார் இருக்கிறார், இந்த இரண்டு கேள்வியும் போதும். த்ரோ இன்னிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஓப்சைட் கிடையாது என்பதை நம்ம பெக்குகளில் பலர் மறந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அதையும் குறித்துவையுங்கள்.

இனி பொடியன்கள்

இங்கேதான் எனக்கு ஆசை அதிகம், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து பதினாறு வயதில் நடுக்களத்தில் விளையாடும் ஒரு பொடியன் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போனால் படிக்கட்டு முழுக்க எழும்பி நின்று கத்தும். வெட்டத் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் நாலாவது ஆளிடம் பந்து பறிபோய், நம்ம பின்களம் திறந்து கிடந்து, அதே பதினைந்து செக்கனில் கோல் போனால், கைதட்டியவர்களே லெப்ட் பெக்கை ஏசுவார்கள். அதனால் பந்து கிடைப்பதற்கு முன்னால் அவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒரு பொடியனை மட்டும் தெரிவுசெய்து இருபது தடவை அவனிடம் பந்து வருவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் பந்து வந்து சேர்வதற்கு முந்தைய சில செக்கனில் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் எத்தனை தடவை பார்த்தான் என்று கோடு போடுங்கள். நோர்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களை இப்படித்தான் எண்ணிப் பார்த்தார், அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ் அதிகமாகச் சரியான ஆளைச் சேர்கிறது என்று கண்டார். அந்தப் பட்டியலில் பிராங்க் லம்பார்ட் உச்சத்தில் இருந்தார். நம்ம பொடியன் ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு தடவை பார்த்தாலே அவனை விடாதீர்கள். பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றால் அதற்காக அவனைத் தள்ளிவிடவும் வேண்டாம், சொல்லிக் கொடுத்தால் வரக்கூடிய பழக்கம் அது.

அதே இருபது பந்துக்கும் முதல் தொடுகை எங்கே போகிறது என்றும் எழுதுங்கள். முன்னாலா, பக்கத்திலா, பின்னாலா, எதிரியின் காலுக்கா. டச்சு பே கடற்கரை மணலில் விளையாடி வளர்ந்த பொடியன்களுக்குப் பந்தைக் காலடியில் வைத்திருப்பது நன்றாக வரும், மணலில் பந்து உருளாதல்லவா, ஆனால் புல்தரையில் முதல் தொடுகையிலேயே இடத்தை மாற்ற வேண்டும், அது வேறு வித்தை. உடம்பைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு பந்தை வாங்குகிறானா என்று பாருங்கள். சொந்தக் கோலைப் பார்த்தபடியே வாங்குபவன் வந்த வழிக்கே திருப்பிக் கொடுப்பான், அணி முன்னால் நகராது.

அப்புறம், பந்தைப் பறிகொடுத்த பிறகு வரும் ஐந்து செக்கன். அப்படியே நிற்கிறானா, ரெப்ரியைப் பார்த்துக் கை விரிக்கிறானா, இல்லை உடனே திரும்பி ஓடுகிறானா? திறமையைவிட இதைத்தான் நான் பெரிதாக எடுப்பேன். பின்களத்துக்கு முன்னால் நிற்கப்போகிறவன் இவன்தானே.

உயரத்தைப் பார்த்து யாரையும் கழிக்காதீர்கள். குரோஷிய நடுக்கள வீரர் லூகா மொட்ரிச்சைச் சின்ன வயதில் உடம்பு போதாது என்று ஹஜ்டுக் ஸ்பிளிட் கழகம் எடுக்கவில்லை, 2018இல் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதை வாங்கினார். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் நின்றால் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம் இருக்கும், பெரியவன் தள்ளி வென்றதைத் திறமை என்று நாம் நினைத்துவிடுவோம். பிறந்த மாதத்தைக் கேட்டு எழுதிவையுங்கள். பதினாலு வயதுவாக்கில் திடீரென்று உயர்ந்த பொடியன் சில மாதம் கால் தடுமாறுவான், போன வருடம் நன்றாக விளையாடியவன் இந்த வருடம் கெட்டுப்போனான் என்று சொல்வதற்கு முன்னால் அதையும் யோசியுங்கள். சாதாரண தரப் பரீட்சை வருடம் என்றால் டியூஷன் முடிந்து சாப்பிடாமல் நேராக மைதானத்துக்கு வந்திருப்பான், அறுபதாம் நிமிடத்தில் கால் இழுப்பதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். ஒரு மெட்சை வைத்து முடிவெடுக்கக் கூடாது, குறைந்தது மூன்று மெட்ச் வேண்டும், அதில் ஒன்றாவது பலமான அணியோடு, காற்றுக்கு எதிராக.

நல்ல பொடியன் கிடைத்துவிட்டான் என்று பாடசாலை அணிக்கும் கழகத்துக்கும் தெருப் போட்டிக்கும் ஒரே கிழமையில் இறக்குவது நம்மிடம் உள்ள பெரிய பிழை. 2020–21 பருவத்தில் நடுக்கள வீரர் பெட்ரி பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்கும் சேர்த்து 70க்கும் மேற்பட்ட ஆட்டம் ஆடினார், வயது பதினெட்டு. அடுத்த பருவத்தில் தசைக் காயத்தால் பல மாதம் வெளியே இருந்தார். வைத்தியக் குழுவே கூட இருக்கும் ஆளுக்கு அப்படி. நம்ம பொடியனுக்கு இருப்பது ஒரு ஐஸ் பை. அவன் கிழமைக்கு எத்தனை ஆட்டம் ஆடுகிறான் என்பதும் கொப்பியில் இருக்க வேண்டும்.

படிக்கட்டிலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தாதீர்கள், பாராட்டாக இருந்தாலும். அவன் சுற்றிப் பார்க்க வேண்டிய நேரத்தில் நம்மைப் பார்ப்பான்.

மூன்று மெட்ச் எழுதி முடித்ததும் கொப்பியோடு கோச்சிடம் போங்கள். மெட்ச் நாளில் வேண்டாம், பயிற்சி முடிந்து பந்துகளைப் பையில் போடும் நேரம் நல்லது. இன்னாரைத் தூக்குங்கள் என்று தொடங்கினால் அவர் காது மூடிவிடும். எண்ணிக்கையைச் சொல்லுங்கள். நான் போனபோது இப்படித்தான் சொன்னேன்: "அண்ணன், மூணு மெட்ச்ல பதினொரு தரம் ஆபத்து வந்திருக்கு, ஏழு தரம் பந்து பறிபோனது நடு வட்டத்துக்குக் கிட்ட, அந்த ஏழு தரமும் லெப்ட் பெக்குக்கு முன்னால ஆள் இல்ல." அவர் கொப்பியை வாங்கி நின்றபடியே வாசித்தார், மற்றப் பக்கத்தில் எழுதியிருந்த பதினாறு வயதுப் பொடியனின் இருபது பந்துக் கணக்கையும் பார்த்தார். அடுத்த சிநேகபூர்வ ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் அரை மணித்தியாலம் அவனைப் பின்களத்துக்கு முன்னால் நிறுத்தினார். நான் கோலுக்குப் பின்னால் போய் நின்று எண்ணினேன். இடது பக்கத்தால் ஒரு தடவைதான் வந்தார்கள், அந்த ஒரு தடவையும் லெப்ட் பெக்குக்குத் துணையாக அவன் வந்து சேர்ந்துவிட்டான்.