வழக்கறிஞர் இல்லாமல் சிவில் வழக்கு: பல கோரிக்கைகளை ஒரே வழக்குரையில் சேர்ப்பது எப்படி?

இந்தியாவில் தன் வழக்கைத் தானே நடத்த எவருக்கும் உரிமை உண்டு. அப்படி வருகிறவர் முதலில் படிக்க வேண்டியது, 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 2, விதி 2. ஒரே வழக்குமூலத்திலிருந்து (வழக்குப் போடும் உரிமையைத் தரும் நிகழ்வுகளிலிருந்து) எழும் கோரிக்கை முழுவதையும் ஒரே வழக்கில் கேட்டுவிட வேண்டும். விட்டுப்போன பகுதிக்காகப் பின்னர் தனி வழக்குப் போட முடியாது. சட்டமே தரும் உதாரணத்தில், 1905, 1906, 1907 ஆகிய மூன்று ஆண்டுகளின் வாடகை பாக்கியிருக்க, 1906க்கு மட்டும் 1908இல் வழக்குப் போட்ட வீட்டுக்காரர் மற்ற இரண்டு ஆண்டுகளுக்கு வழக்காடும் உரிமையை இழந்துவிடுகிறார்.

படி 1: கோரிக்கைகளைப் பிரித்தெழுதுங்கள்

வீடு கட்ட ரூ.4,00,000 முன்பணம் வாங்கிய ஒப்பந்ததாரர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார். ஒழுகும் கூரையை வேறொருவரைக் கொண்டு சரிசெய்ய ரூ.60,000 செலவாயிற்று; அந்த ஒப்பந்ததாரரே கடன் பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கிய ரூ.50,000 கைமாற்றும் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் பிறந்தவை என்பதால் அவற்றைச் சேர்த்தே கேட்க வேண்டும். கைமாற்று வேறு வழக்குமூலம். பிரதிவாதி ஒருவரே என்பதால் அதே கட்டளையின் விதி 3இன்படி அதையும் சேர்க்கலாம், கட்டாயமில்லை. நிலம், வீடு ஆகியவற்றை மீட்கும் வழக்கில் மட்டும் கவனம் தேவை: வாடகை பாக்கி போன்ற, விதி 4 அனுமதிக்கும் சில கோரிக்கைகளைத் தவிர மற்றவற்றைச் சேர்க்க நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும்.

படி 2: காலவரம்பை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள்

1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, கேட்டவுடன் தருவதாக எழுதிய கடன் பத்திரத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து அல்லாமல் பத்திரம் எழுதிய தேதியிலிருந்தே தொடங்கும். ஒரு கோரிக்கை காலவரம்புக்குள் இருப்பதால் பக்கத்தில் நிற்கும் இன்னொன்று தப்பிவிடாது.

படி 3: மதிப்பும் நீதிமன்றமும்

வழக்குமூலங்களைச் சேர்த்தால், எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது என்பதை மொத்த மதிப்பே தீர்மானிக்கும். நீதிமன்றக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

படி 4: வழக்குரை (வழக்கைத் தொடங்கும் மனு) எழுதுங்கள்

நடந்தவற்றைத் தேதி வரிசையில், எண்ணிட்ட பத்திகளாக எழுதுங்கள். கோபத்தை எழுத அதில் இடமில்லை. ஒவ்வொரு வழக்குமூலமும் எப்போது எழுந்தது என்பதையும், வெவ்வேறு காரணங்களால் கேட்கும் பரிகாரங்களையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். வட்டியும் செலவுத்தொகையும் வேண்டுமானால் அவற்றையும் கேட்டுவிடுங்கள். இறுதியில் வரும் உறுதிமொழியில், எந்தெந்தப் பத்திகள் தாமே அறிந்தவை, எவை பிறர் சொல்லி உண்மையென நம்புபவை என்று எண் வாரியாகக் காட்டிக் கையொப்பமிட வேண்டும். பிரமாண வாக்குமூலமும் தேவை.

படி 5: தாக்கல்

ஆவணங்களைப் பட்டியலோடு இணைத்துத் தாக்கல் செய்யுங்கள். அலுவலகம் குறை சுட்டித் திருப்பித் தந்தால், குறிப்பிட்ட கெடுவுக்குள் சரிசெய்து மீண்டும் கொடுக்க வேண்டும். கோரிக்கைகளைச் சேர்த்தது விசாரணைக்கு இடைஞ்சலாகும் என்று கருதினால், நீதிமன்றம் விதி 6இன்கீழ் அவற்றைப் பிரித்து விசாரிக்க உத்தரவிடலாம். அப்படிப் பிரிப்பது எந்தக் கோரிக்கையையும் தள்ளுபடி செய்வதாகாது.